பீம் பாய் வட்டு எறிந்த காலம்

2022 பிப்ரவரி 7ஆம் தேதி பிரவீன் குமார் சோப்தி டெல்லியில் காலமானார். அந்தப் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் சட்டென்று அடையாளம் தெரிந்தவர்கள் குறைவு. ‘பீம் பாய் போயிட்டாராம்’ என்று யாரோ சொன்ன பிறகுதான் பலருக்கு விஷயம் உறைத்தது. அப்புறம் எல்லார் போனிலும் ‘மைக்கேல் மதன காமராஜன்’ காட்சிகள் ஓடத் தொடங்கின. கமல்ஹாசன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஆறரை அடி உருவம் ஒன்று வந்து நிற்கும், சொன்னதைச் செய்யும். முப்பது வருஷத்துக்கும் மேலாக நாம் கொண்டாடியது அந்த வந்து நிற்பதைத்தான்.

அன்று நம் பக்கம் கைமாறிய அஞ்சலிகள் பலவற்றில் ஒரு வரி விடுபட்டிருந்தது. 1966 ஆகஸ்டில், ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில், சங்கிலிக் குண்டு எறிந்து வெள்ளிப் பதக்கம் வாங்கியவர் இவர். எறிந்த தூரம் 60.12 மீட்டர். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பள்ளிக்கூடத்து வாசம் இன்னும் சட்டையை விட்டுப் போகாத வயது.

பஞ்சாப் கிராமத்தில் பிறந்த ஒருவரைப் பற்றி ஏற்காடு அடிவாரத்தில் உட்கார்ந்து எழுதக் காரணம் உண்டு. எங்கள் மலைக்கு மேலேயும் கீழேயும் பள்ளி மைதானங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றிலிருந்து ஆட்கள் கிளம்பி உலகக் கோப்பை வரைக்கும், ரியோ வரைக்கும், வெள்ளித்திரை வரைக்கும் போயிருக்கிறார்கள். பலவற்றிலிருந்து கிளம்பவேண்டியவர்கள் கிளம்பாமலே நின்றுவிட்டார்கள். பிரவீன் குமாரின் பள்ளி நாட்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது இரண்டாவது கூட்டம்தான்.

அனுமனும் பீமனும்

முதலில் சினிமாவைச் சொல்லி முடித்துவிடலாம். அது எல்லாருக்கும் தெரிந்த கதை.

எழுபதுகளின் கடைசியில், ஒரு போட்டிக்காகக் காஷ்மீர் போயிருந்த இடத்தில் அவருக்கு முதல் பட வாய்ப்பு வந்தது. ரவிகாந்த் நகாய்ச் இயக்கிய அந்தப் படத்தில் அவருக்கு வசனமே கிடையாது. அப்போது அவர் எல்லைப் பாதுகாப்புப் படையில் அதிகாரி. துணை கமாண்டன்ட் பதவி வரை போனவர். அமிதாப் பச்சனின் ‘ஷாஹென்ஷா’ 1988இல் வந்தது. அதில் அடியாள் வேடம். அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’ தூர்தர்ஷனில் தொடங்கியது. பீமனுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த சோப்ரா, இவர் அறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் ‘பீமன் கிடைத்துவிட்டான்’ என்றாராம். பிரவீன் குமாரே பின்னாளில் பேட்டிகளில் சொன்னது இது.

ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்துத் தெருக்கள் காலியாகக் கிடந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டி.வி. இருக்கும் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் தெருவே உட்கார்ந்திருக்கும். இந்தி யாருக்கும் புரியாது. பாட்டிமார்களுக்குக் கதை முழுக்கத் தெரியும் என்பதால் அவர்கள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். பீமன் கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தால் பாட்டிக்கு வசனமும் தேவையில்லை. ‘இவன்தான்டா வாயு புத்திரன், நம்ம ஆஞ்சநேயருக்குத் தம்பி முறை’ என்பாள் எங்கள் பாட்டி.

அவள் சொன்னதில் அவளுக்கே தெரியாத ஓர் உண்மை இருந்தது. அதற்கு முந்தின வருஷம் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடரில் அனுமனாக வந்தவர் மல்யுத்த வீரர் தாரா சிங். அவர் பிறந்த தர்மூச்சக் கிராமம் அமிர்தசரஸ் மாவட்டம். பிரவீன் குமார் பிறந்த சர்ஹாலியும் அன்றைக்கு அதே அமிர்தசரஸ் மாவட்டம்தான்; இன்று தரன் தாரன் மாவட்டத்தில் இருக்கிறது. வாயுவின் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தியா முழுக்கத் தேடி, கடைசியில் ஒரே மாவட்டத்து மைதானங்களிலிருந்து ஆள் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் மல்யுத்தக் களத்திலிருந்து வந்தார். இன்னொருவர் எறிதல் வட்டத்திலிருந்து வந்தார்.

‘மகாபாரத்’ 1990 ஜூன் 24ஆம் தேதி முடிந்தது. அக்டோபரில் தீபாவளிக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ வந்தது. நடுவில் நான்கு மாதம்கூட இல்லை. அந்தப் படத்தில் அவருக்குப் பீம் என்றே பெயர் வைத்தார்கள். தியேட்டரில் அந்த முகத்தைப் பார்த்ததும் எழுந்த சத்தம் கமலுக்கான சத்தம் இல்லை; திண்ணையில் பார்த்துப் பழகிய பீமனை நம்ம ஊர்ப் படத்தில் பார்த்துவிட்ட சத்தம் அது. இயக்குநர் சிங்கீதம் சீனிவாச ராவும் கமலும் வசனம் எழுதிய கிரேசி மோகனும் அதைச் சரியாகக் கணித்திருந்தார்கள். அத்தனை பேர் ஓயாமல் பேசும் ஒரு படத்தில், பேசாமல் நிற்பவருக்குத் தனி மதிப்பு உண்டாகிவிட்டது.

அந்த நிற்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய உடம்புக்காரர்கள் கேமரா முன்னால் தவிப்பார்கள்; கையை எங்கே வைப்பது என்று தெரியாது, தோளை உயர்த்திக்கொள்வார்கள். பிரவீன் குமார் அப்படித் தவித்து நான் பார்த்ததில்லை. காலை ஊன்றி, எடையை இடுப்பில் இறக்கி, கையைத் தளர விட்டிருப்பார். வட்டத்துக்குள் இறங்கிய எறிவீரர், சுழலத் தொடங்குவதற்கு முன்னால் நிற்கும் நிற்பு அது. நடிப்புப் பள்ளியில் கற்றது இல்லை என்பது என் கணிப்பு.

ஏழடி வட்டம்

சங்கிலிக் குண்டு எறிதலை நேரில் பார்த்தவர்கள் நம்மில் குறைவு என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன்.

ஆண்களுக்கான குண்டின் எடை 7.26 கிலோ. அதிலிருந்து ஓர் எஃகுக் கம்பி, கம்பியின் முனையில் கைப்பிடி. மொத்த நீளம் ஏறத்தாழ நாலடி. எறிபவர் நிற்கும் வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர், அதாவது ஏழடி. ஆறரை அடி மனிதர் படுத்தால் வட்டம் நிறைந்துவிடும். அந்த இடத்துக்குள் அவர் குண்டைத் தலைக்கு மேலே இரண்டு மூன்று முறை வீசிச் சுற்றி, பிறகு தன்னையே மூன்று நான்கு முறை சுழற்ற வேண்டும். இடது காலின் குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி அச்சாகும். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறும். 60 மீட்டர் போகும் எறியில், விடும் நொடியில் அந்தக் கம்பி இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு கையை வெளியே இழுக்கும். அதற்கு ஈடுகொடுத்து உடம்பைப் பின்னால் சாய்த்து நிறுத்த வேண்டும். விட்ட பிறகும் வட்டத்தைத் தாண்டிக் கால் வெளியே போகக் கூடாது; போனால் அந்த எறி செல்லாது.

வட்டு எறிதல் வேறு வகை. இரண்டு கிலோ வட்டை விரல்களின் கடைசிக் கணுவில் மட்டும் தாங்கி, ஒன்றரைச் சுற்று சுழன்று, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் போகாது. வட்டு காற்றில் சுழன்று தட்டையாக மிதந்து போக வேண்டும். பலத்தை நம்பி எறிபவரின் வட்டு பக்கவாட்டில் கவிழ்ந்து பக்கத்திலேயே விழும். உடம்பு பெரியதாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள், ஒரு முறை அந்த வட்டைக் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

இந்த இரண்டையும் ஒரே ஆள், ஒரே காலத்தில், சர்வதேச அளவில் செய்தார். கிங்ஸ்டனில் அவரை முந்தியவர் இங்கிலாந்தின் ஹோவர்ட் பெய்ன், முப்பதைத் தாண்டிய அனுபவசாலி. 1962, 1966, 1970 என்று மூன்று காமன்வெல்த் போட்டிகளில் தொடர்ந்து தங்கம் வாங்கியவர். அவருக்கு அடுத்த இடத்தில் பதினெட்டு வயதுப் பையன் நின்றான். 1958இல் மில்கா சிங் ஓடி வாங்கிய தங்கத்துக்குப் பிறகு, காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டாவது பதக்கம் அது. மில்கா சிங்கின் பெயர் நம் பாடப்புத்தகக் குழந்தைகளுக்கும் தெரியும். இரண்டாவது பெயர் தெரியாமல் போனதில் எனக்கு இன்னமும் வருத்தம்.

அதே ஆண்டு டிசம்பரில் பாங்காக் ஆசியப் போட்டி. பத்தொன்பது வயது பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. வட்டு எறிதலில் தங்கம், 49.62 மீட்டர், சங்கிலிக் குண்டில் வெண்கலம். மறு வருஷம் அர்ஜுனா விருது. 1970இல் மறுபடி பாங்காக், மறுபடி வட்டில் தங்கம், இந்த முறை 52.38 மீட்டர். 1974இல் டெஹ்ரானில் வெள்ளி. அந்த வெள்ளிக்காக அவர் எறிந்த தூரம், முன்பு தங்கம் வாங்கித் தந்த இரண்டு எறிகளையும்விட அதிகம்.

உலக அளவில் அவர் எங்கே இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சங்கிலிக் குண்டில் அவருக்குக் கிடைத்தது இருபதாவது இடம். தங்கம் வாங்கிய ஹங்கேரியின் ஷிவோட்ஸ்கி 73.36 மீட்டர் எறிந்தார். பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் இடைவெளி. 1972இல் மியூனிக் போனார். அங்கும் பதக்கத்துக்கு வெகு தூரம். அந்த நாடுகளில் எறிதலுக்கென்றே பயிற்சியாளர்களும் கூடங்களும் ஆய்வுகளும் இருந்தன. இவருக்கு என்ன இருந்தது என்பதுதான் இனிச் சொல்லப்போவது.

சர்ஹாலியின் திருகை

1947 டிசம்பர் 6ஆம் தேதி பிறந்தவர். நாடு பிரிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, எல்லை மாவட்டம். 1914இல் ‘கோமகாட்டா மாரு’ கப்பலில் ஆட்களைக் கனடாவுக்கு அழைத்துப் போய், அங்கே இறங்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்ட பாபா குர்தித் சிங் பிறந்த ஊரும் சர்ஹாலிதான். கிராமத்துக்குப் பழைய பெயர் உண்டு. உடற்பயிற்சிக் கூடம் கிடையாது.

பாலும் வெண்ணெயுமாக அம்மா ஊட்டி வளர்த்த உடம்பு என்று பேட்டிகளில் பெருமையாகச் சொல்வார். எடைப் பயிற்சிக்கு என்ன செய்தார் என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் அம்மா மாவரைக்கும் கல்லை எடுத்துத் தூக்கிப் பயிற்சி செய்திருக்கிறார். நம் ஊரில் திருகை என்போமே, அந்த வகைக் கல். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, சூரியன் கிளம்பும் வரை பயிற்சி. ஊருக்கு அவரைத் தெரிந்ததே அப்படித்தானாம்.

திருகைக் கல்லைத் தூக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். கம்பியில் கோத்த எடைபோல அதற்கு வாகான பிடி கிடையாது. வட்டமான கல்லை விரல்களை விரித்து, உள்ளங்கை முழுக்கக் கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். நழுவும். நழுவினால் கால் விரல் போகும். பிடியும் மணிக்கட்டும் முன்கையும் ஒன்றாக வேலை செய்தால்தான் மேலே வரும். வட்டு எறியப் போகிறவனுக்கு முதலில் தேவைப்படுவது அந்த விரல் பலம். அந்தப் பையன் அதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டான். வீட்டில் கனமாக இருந்த பொருள் அது, எடுத்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் கருவி செய்யும் வேலையை அம்மாவின் கல் செய்து கொடுத்திருக்கிறது. நம் பக்கம் கோயில் முன்னால் கிடக்கும் இளவட்டக்கல்லும் அந்த ஜாதிதான். வழுவழுப்பான உருண்டைக் கல்லை அணைத்துத் தூக்கித் தோளில் ஏற்றிப் பின்னால் போட வேண்டும். அதைப் போட்டவனுக்குப் பெண் கொடுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

இதற்கு அடுத்துச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அந்த உடம்பை விளையாட்டுக்கான உடம்பு என்று முதலில் கண்டுகொண்டவர், பிரவீன் குமார் சொன்னபடி, அவர் படித்த பள்ளியின் தலைமையாசிரியர். பையனின் வாட்டசாட்டத்தைப் பார்த்தார், விளையாட்டில் இறக்கிவிட்டார். இறங்கிய போட்டிகளில் எல்லாம் பையன் ஜெயிக்கத் தொடங்கினான். கிங்ஸ்டன் வரைக்கும் போன வழி அங்கே தொடங்குகிறது. தேசிய முகாம், படை வேலை, அர்ஜுனா விருது, சோப்ரா, கமல்ஹாசன் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. சோப்ரா ‘பீமன் கிடைத்துவிட்டான்’ என்று சொல்வதற்கு இருபது வருஷத்துக்கும் முன்னால், ஒரு கிராமத்துத் தலைமையாசிரியர் அதே உடம்பைப் பார்த்து வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். முதலில் பார்த்தவருக்குத்தான் பெருமை என்பேன். சோப்ராவுக்குத் தேவைப்பட்டது ஒரு தோற்றம். தலைமையாசிரியர் பார்த்தது ஒரு திறமைக்கான இடம்.

மலைக்கு மேலே, மலைக்குக் கீழே

சேலத்திலிருந்து ஏற்காடு சாலையில் போனால், ஊர் முடியும் முன்பே மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு வரும். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது அந்த வளைவு. அதைத் தாண்டி அடிவாரம், செக்போஸ்ட், இருபது கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஏரி. 1917இல் மான்ட்ஃபோர்ட் சபைச் சகோதரர்கள் தொடங்கிய உறைவிடப் பள்ளி அங்கே இருக்கிறது.

அந்தப் பள்ளியில் படித்தவர் ரோஜர் பின்னி. 1983 உலகக் கோப்பையில் 18 விக்கெட் எடுத்து, எல்லா நாட்டுப் பந்துவீச்சாளர்களையும் முந்தியவர். கிரிக்கெட்டுக்கு முன்னால் அவர் ஈட்டி எறிந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பள்ளி மாணவர்களுக்கான தேசியச் சாதனை ஒரு காலத்தில் அவர் பெயரில் இருந்தது. அவர் பந்து வீசும் படத்தைக் கவனித்தால் அந்தத் தோளின் பழைய வேலை தெரியும்.

1983இல் அதே மான்ட்ஃபோர்ட்டில் பள்ளிப் படிப்பை முடித்து இறங்கினார் இன்னொருவர், நடிகர் விக்ரம். கராத்தே, குதிரையேற்றம், நீச்சல் எல்லாம் அங்கே கிடைத்தன, அவைதான் தன்னம்பிக்கை கொடுத்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். கல்லூரிக் காலத்தில் லாரி மோதி, மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து, இருபத்து மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடந்தவர். ‘சேது’வுக்கும் ‘ஐ’க்கும் உடம்பை வருத்தி உருக்கியவர். அந்த உடம்புக்கு முதல் பாடம் சேர்வராயன் மலையில் நடந்தது.

உறைவிடப் பள்ளிகளில் விளையாட்டு தினசரி வேலை. காலையில் மணி அடித்தால் மைதானம், சாயங்காலம் மணி அடித்தால் மைதானம். இந்த ஹவுஸ், அந்த ஹவுஸ் என்று பிரித்துவிட்டால் ஓடத் தெரியாத பையனும் ஹவுஸுக்குப் புள்ளி சேர்க்க ஏதாவது ஒன்றை எறிந்தோ தாண்டியோ ஆக வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் எல்லாவற்றையும் ஒரு முறையாவது தொட்டுப் பார்த்துவிடுவான். யாருக்கு எது வரும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இதற்குக் கட்டணம் இருக்கிறது. அது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது.

மலையிலிருந்து இறங்கி வாருங்கள். இதே சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்று ஒரு கிராமம். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போன ஒரு பையன் அங்கே இருந்தான். அம்மா காய்கறி விற்று வளர்த்தார். அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவனை உயரம் தாண்டச் சொன்னார். பதினான்கு வயதில், இரண்டு காலும் நன்றாக இருந்த பையன்களோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தான். மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். சர்ஹாலியின் தலைமையாசிரியர் ஆறரை அடி உடம்பில் கண்டதை, சேலத்து பி.டி. வாத்தியார் ஒருவர் ஊனமான காலில் கண்டார். இரண்டாவது பார்வை இன்னும் அரியது என்று எனக்குத் தோன்றுகிறது. வாட்டசாட்டமான பையனை யார் வேண்டுமானாலும் கவனிப்பார்கள் அல்லவா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. வாட்டசாட்டமான பையனைக் கவனிப்பார்கள்தான். எதற்காக என்பதுதான் கேள்வி.

எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான். ஒன்பதாவது படிக்கும்போதே வாத்தியார்களைவிட உயரம், அகன்ற தோள், முழங்காலைத் தொடும் கை. ஆண்டு விழாவுக்கு மேடையில் பெஞ்ச் அடுக்க வேண்டுமா, அவனைக் கூப்பிடுவார்கள். ஆபீஸ் ரூம் பீரோவை நகர்த்த வேண்டுமா, அவன்தான். சத்துணவுக்கு அரிசி மூட்டை வந்து இறங்கினால் பாதி வகுப்பில் அவன் பெயர் சொல்லி ஆள் வரும். கூப்பிட்டதும் வருவான், சொன்னதைச் செய்வான், பேசாமல் போய் உட்காருவான். விளையாட்டு விழாவில் அவனை நூறு மீட்டர் ஓட விட்டார்கள். கடைசியாக வந்தான், எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வட்டு என்ற பொருள் எங்கள் பள்ளியில் இல்லை. குண்டு ஒன்று இருந்தது, அது பி.டி. ரூம் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கப் பயன்பட்டது. பத்தாவதோடு நின்று, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கப் போனான். தூக்கத் தெரிந்தவன் என்று அங்கேயும் நல்ல பெயர்தான்.

அவன் ஆசியப் போட்டிக்குப் போயிருப்பான் என்று சொல்ல வரவில்லை. போயிருப்பானா மாட்டானா என்பதைப் பார்க்கக்கூட யாரும் வாய்ப்புத் தரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

நிலைமை இன்று எவ்வளவோ மாறியிருக்கிறது. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் ஒழுங்காக நடக்கின்றன; பெண் பிள்ளைகள் அதிகமாக வருகிறார்கள்; வட்டும் குண்டும் பல பள்ளிகளில் இருக்கின்றன. ஆனால் பத்தாவதும் பன்னிரண்டாவதும் வந்துவிட்டால் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. எறிதலுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஓடுவதற்கு ஒரு கோடு கிழித்தால் போதும். வட்டு எறிய, கை நழுவிப் போகும் வட்டு யார் தலையிலும் விழாதபடி மூன்று பக்கமும் வலை வேண்டும், எதிரே ஆள் நடமாட்டமில்லாத நீண்ட இடம் வேண்டும். சங்கிலிக் குண்டுக்கு இன்னும் உயரமான கூண்டு வேண்டும். அடிவாரத்துப் பள்ளிகள் பலவற்றில் மைதானம் என்பது இரண்டு கட்டடத்துக்கு நடுவில் இருக்கும் சரிவு. அங்கே வட்டைக் கையில் கொடுக்க வாத்தியார் பயப்படுவது நியாயம்தான். பக்கத்து ஊரில் பெரிய மைதானம் இருக்கும் பள்ளியோடு சேர்ந்து வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் இது தீரக்கூடிய சிக்கல். செய்கிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். சொந்தக் காசில் பிள்ளைகளை மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கடைசி வருஷங்கள்

பிரவீன் குமாரின் கடைசிக் காலம் நிம்மதியாக இல்லை. 2013இல் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் வசீர்பூர் தொகுதியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்று தோற்றார், பிறகு பா.ஜ.க.வில் சேர்ந்தார். அரசியலில் அவர் பெயர் பெரிதாக நிலைக்கவில்லை. உடம்பு தளர்ந்து வீட்டோடு இருந்த நாட்களில், பஞ்சாப் அரசு மற்ற விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கும் ஓய்வூதியம் தனக்கு மட்டும் வரவில்லையே என்று மனம் விட்டுப் பேசினார். காமன்வெல்த்தில் பதக்கம் வாங்கியவன் நான், என்னை ஏன் விட்டுவிட்டார்கள் என்பதே அவர் கேட்ட கேள்வியின் சாரம். அந்தப் பேட்டிகள் வந்து சில வாரங்களிலேயே மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 74.

கவனித்துப் பாருங்கள், மனக்குறையைச் சொல்லும்போது அவர் பீமனைத் துணைக்கு அழைக்கவில்லை. நாடே பார்த்த தொடரில் நடித்தவன், அமிதாப்போடு நடித்தவன், கமலோடு நடித்தவன் என்று சொல்லிக் கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் காது கிடைத்திருக்கும். மைதானத்தில் சம்பாதித்ததை வைத்தே கேட்டார். அவர் தன்னை யாராக நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதில் தெரிகிறது.

கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்களில் குறுவட்டப் போட்டிக்குப் பெயர் கேட்டுச் சுற்றறிக்கை வந்துவிடும். ஓட்டத்துக்கும் கபடிக்கும் கோ-கோவுக்கும் பெயர்கள் முதலில் நிரம்பும். வட்டு எறிதல் என்ற கட்டம் பல பள்ளிகளில் காலியாகவே போகும். ஏற்காடு அடிவாரத்திலும் வாழப்பாடிப் பக்கமும் ஓமலூர்ப் பக்கமும் இருக்கும் தலைமையாசிரியர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் இதைப் படிக்க நேர்ந்தால், என் வேண்டுகோள் ஒன்றுதான். பெஞ்ச் தூக்க நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் அந்தப் பையனை, மூட்டை இறக்கும் அந்தப் பெண்ணை, பெயர் அனுப்பக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்னால் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். வயதுக்கேற்ற வட்டைக் கையில் கொடுங்கள். விரலை விரித்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள். மூன்று எறி எறியட்டும், அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.